ஜெராக்ஸ் கடையில் தேறிய தமிழ்க் கையேடு

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பாப்பாரப்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம்கூட ஜெராக்ஸ் எடுக்கவில்லை. அன்றைக்கு ஊரிலேயே கரண்ட் இல்லை.

என் வேலையைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்றதும், எங்கள் ஊரில் நான் ஏதோ ராக்கெட் விடுகிறேன் என்று நினைப்பவர்கள் உண்டு. மிக்ஸி வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, யாரும் பிரிக்காமல் பரண்மேல் போடுவார்களே, அந்தப் புத்தகத்தை எழுதுகிற ஆள் நான். எங்கள் கம்பெனி, கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறது. அதற்கு இங்கிலீஷ் கையேடு எழுதுவது என் பொறுப்பு.

தமிழிலும் ஒன்று வேண்டும் என்று கம்பெனியில் சண்டை போட்டு வாங்கியதும் நான்தான். காரணம் இருந்தது. எங்கள் பக்கம் தோட்டத்துக்கு மூணு ஃபேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், எப்போது வரும் என்று காத்துக் கிடக்க முடியாது. அதனால் எல்லோரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். என் நாத்தனார் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஒரு நாள் மோட்டாரும் பம்பும் சேருகிற இடத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று கையை விட்டார். கரண்ட் போயிருக்கிறது என்ற தைரியம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

அவர் வைத்திருந்தது வேறு ஏதோ கம்பெனியின் பெட்டி. அதோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த எச்சரிக்கை அதில் இருந்தது. இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. அண்ணனுக்கு இரண்டும் தெரியாது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

கம்பெனியில் ஒருவழியாகச் சரி என்றார்கள். வழக்கமான வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதினேன். புதிய மாடலின் முதல் லாட்டில், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தமிழ்ப் புத்தகம் இருக்கும் என்று முடிவானது. அந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும்.

அந்த வாரம்தான் சனி பிடித்தது.

எழுதியதை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட முடியாது. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால், அத்தியாயங்களையும் படங்களையும் கோத்து அது புத்தகமாக்கித் தரும். இதற்கு பில்ட் என்று பெயர். என் லேப்டாப்பில் செய்து பார்ப்பது வெறும் ஒத்திகை. பெங்களூரில் இதற்கென்றே ஒரு சர்வர் இருக்கிறது. நான் மாற்றத்தை அனுப்பியதும், யாரும் தொடாமல் அது ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து அதற்கு வேண்டிய சாஃப்ட்வேர்ச் சாமான்களை எல்லாம் இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, புத்தகத்தைக் கட்டிப் பார்க்கும். நல்லபடி முடிந்தால் பச்சை, இடையில் நின்றால் சிவப்பு. நான்கு மணி ஆனதும் கடைசியாக வந்த நிறம் எதுவோ அதைத்தான் பார்க்கும். பச்சை என்றால் புத்தகம் தானாக அச்சகத்துக்குப் போய்விடும். சிவப்பு என்றால் அந்த மொழியை விட்டுவிட்டு மற்றதை அனுப்பும். மனிதர்களிடம் கெஞ்சுவது போல அதனிடம் கெஞ்ச முடியாது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து இங்கிலீஷ் பச்சை, தமிழ் மட்டும் சிவப்பு. என் லேப்டாப்பிலோ இரண்டும் ஜம்மென்று வந்தன. என்னென்ன செய்தேன் என்று சர்வர் வரி வரியாக எழுதி வைக்கிற லாக் என்பது பெரிய அனுமார் வால். அதை இரண்டு முறை முழுக்கப் படித்தேன். கடைசி வரியில், தமிழ்ப் பக்கங்களை உருவாக்க முடியவில்லை, நிறுத்துகிறேன் என்ற அர்த்தத்தில் ஒன்று இருந்தது. ஏன் முடியவில்லை என்று சொல்ல அதற்கு மனசு வரவில்லை.

எங்கள் குழுத் தலைவர் பெங்களூர்க்காரர். தங்கமான மனிதர், தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் அவருக்கு ஒரு முடிவு முதலிலேயே வந்துவிட்டது. "மேடம், தமிழ் லெட்டர்ஸ்தான் அதுக்கு ஒத்துக்கல. விட்டுடுங்க, அடுத்த லாட்ல பாத்துக்கலாம்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. அடுத்த லாட் எப்போது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அதற்குள் முதல் லாட் பெட்டிகள் எத்தனை தோட்டத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். விடுவதில்லை என்று அப்போதே தீர்மானம் செய்துவிட்டேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. படங்களை எல்லாம் எடுத்துவிட்டு அனுப்பினேன், சிவப்பு. அட்டவணைகளை எடுத்தேன், சிவப்பு. அத்தியாயங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒவ்வொரு முறையும் சர்வரில் நம் முறை வந்து, அது ஓடி முடிக்க அரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை திரையைப் பார்த்துக்கொண்டு நகத்தைக் கடிப்பேன். கடைசியில் முழுப் புத்தகத்தையும் எடுத்துவிட்டு, வணக்கம் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்து அனுப்பினேன். அதற்கும் சிவப்பு.

குழுத் தலைவர் அதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். "பாருங்க மேடம், வணக்கமே ஓடலை" என்றார். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. ஒரு வணக்கத்தில் என்ன குற்றம் இருக்க முடியும்? குற்றம் என் எழுத்தில் இல்லை என்பது அன்றைக்கு உறுதியாகிவிட்டது. அப்படியானால் எங்கே என்பதுதான் தெரியவில்லை. சர்வரின் உள்ளே போய்ப் பார்க்க எனக்கு அனுமதி கிடையாது, வெளியே வருகிற லாக்தான் கிடைக்கும்.

இந்த நிலையில் வெள்ளிக்கிழமை விடிந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கரண்ட் இருந்தாலே சிக்னல் மாடிப்படியில் மட்டும்தான் கிடைக்கும். தர்மபுரி போய்விடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பாப்பாரப்பட்டியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காக நிற்கும்போது பையைத் துழாவினேன். லேப்டாப் இருந்தது, சார்ஜர் இல்லை. லேப்டாப் பேட்டரியும் கடைசி மூச்சில் இருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்குப் போயிருந்தார், அந்த இரைச்சலில் போனை எடுக்கவில்லை. மாமியாருக்குச் செய்தேன். "மேசைமேல கறுப்பு வயர் இருக்கும்ங்க அத்தை" என்றேன். "இங்க எல்லா வயரும் கறுப்பாத்தான் இருக்குது. பன்னெண்டு மணி டவுன் பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட குடுத்து வுடறேன், நீ அங்கயே இரு" என்றார். நடுத்தெருவில் நிற்கிறேன், பன்னிரண்டு மணி வரை என்ன செய்வது? அப்போதுதான் எதிரே ஒரு கடையில் மட்டும் லைட் எரிவதைப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை. இன்வெர்ட்டர் வைத்திருந்தார்கள்.

கடையில் என் வயதிருக்கும் ஒரு பெண், தலையில் துப்பட்டா போட்டு உட்கார்ந்து விண்ணப்பத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததுகூட இல்லை. விஷயத்தைச் சொன்னேன். என் முகத்தில் மூன்று நாள் தூக்கம் தொங்கியிருக்க வேண்டும், அவர் அதிகம் கேட்கவில்லை.

"உங்க சார்ஜருக்கு ஒத்த மாதிரி எங்கிட்ட இல்லீங்க அக்கா. ஒரு லேப்டாப் சும்மா கெடக்குது. வைரஸ் புடிச்சுதுன்னு நேத்துத்தான் மொத்தமா அழிச்சுட்டு புதுசா போட்டு வாங்கிட்டு வந்தோம். அதுல ஒண்ணுமே இல்ல. பரவால்லீங்களா?"

ஒன்றுமே இல்லாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் வாங்கிக்கொண்டேன். ஊருக்குள் சிக்னல் நன்றாக இருந்தது. என் போனிலிருந்து நெட் கொடுத்து, கழற்றுவதற்கு முன் இருந்த முழுப் புத்தகத்தையும், தேவையான சாமான்களையும் ஒவ்வொன்றாக இறக்கிப் போட ஆரம்பித்தேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்காக நானே எழுதிய குறிப்பு ஒன்று உண்டு, அதை வரி பிசகாமல் பின்பற்றினேன். முடித்துவிட்டு, வழக்கமான கட்டளையை அடித்தேன்.

இங்கிலீஷ் வந்தது. தமிழ் நின்றுவிட்டது. சர்வரில் வந்த அதே கடைசி வரி.

நான் சிரித்துவிட்டேன். "ஆச்சுங்களா அக்கா?" என்று அவர் எட்டிப் பார்த்தார். "இல்லீங்க, இங்கயும் அதே தப்பு வந்துருச்சு" என்றேன். அதற்கு எதற்கு இந்தப் பெண் சிரிக்கிறாள் என்பது போல என்னைப் பார்த்தார். அவருக்கு எப்படிச் சொல்வது? மூன்று நாளாகக் கோளாறு பெங்களூரில், என் கை எட்டாத ஒரு மெஷினுக்குள் இருந்தது. இப்போது அது என் மடியில் உட்கார்ந்திருக்கிறது. இனி அதை விரட்டிப் பிடித்துவிடலாம்.

மதியம் நெருங்கியது. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் அவர் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கமாம். நான் எழுந்து லேப்டாப்பை மூடப் போனேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நீங்க பாருங்க அக்கா. நான் வூட்டுக்குப் போயித் தொழுதுட்டு, மாமாவுக்குச் சோறு போட்டுட்டு வந்துர்றேன். கடைய மட்டும் பாத்துக்கங்க. இன்வெர்ட்டர் கத்துச்சுன்னா ஃபேன நிறுத்திருங்க, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்."

பெயர்கூடக் கேட்காத ஒருத்தியிடம் கடையை விட்டுவிட்டுப் போய்விட்டார். கல்லாப்பெட்டியைக்கூடப் பூட்டவில்லை. ஃபேனை அப்போதே நிறுத்திவிட்டேன், கத்தும் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அவர் போன பிறகு ஒரு பெரியவர் வந்து சிட்டா எடுத்துத் தரச் சொன்னார். கரண்ட் இல்லீங்க என்றேன். "கரண்டு இல்லாத கடையில நீ மட்டும் என்னம்மா பண்ற?" என்றார். புத்தகம் பண்றேங்க என்றேன். இந்தக் கடையில் இதெல்லாமா செய்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பன்னிரண்டு மணி பஸ் வந்தது. கண்டக்டர் ஒரு மஞ்சப்பையை நீட்டினார். உள்ளே வீட்டிலிருந்த அத்தனை வயரும் இருந்தது. போன் சார்ஜர், என் வீட்டுக்காரரின் ஷேவிங் மெஷின் வயர், எதற்கென்றே தெரியாத ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் என் லேப்டாப் சார்ஜர். மாமியார் எந்த வம்பும் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு லேப்டாப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே புத்தகம், ஒரே கட்டளை. இதில் வருகிறது, அதில் வரவில்லை. ஆக, புத்தகத்துக்கு வெளியே இரண்டுக்கும் ஏதோ வித்தியாசம் இருந்தாக வேண்டும். புத்தகம் கட்டுவதற்கு வேண்டிய ஒவ்வொரு சாமானையும், நீ எந்தப் பதிப்பு என்று இரண்டு மெஷினிலும் கேட்டுக்கொண்டே வந்தேன். எல்லாம் ஒன்றாகவே வந்தன. தமிழ் எழுத்தைப் பக்கத்தில் உட்கார வைக்கிற ஒரு சின்னச் சாமான் மட்டும் வேறாக இருந்தது. என்னுடையதில் பழைய பதிப்பு, கடை லேப்டாப்பில் புதிது.

எப்படி வந்தது இந்த வித்தியாசம் என்று யோசித்தேன். சட்டென்று விளங்கியது. எங்கள் வீட்டுச் சிக்னல்தான். ஒவ்வொரு முறையும் நெட்டுக்குப் போய் புதுசு வந்திருக்கிறதா என்று பார்த்தால், என் பில்ட் முடிவதற்குள் உலை கொதித்து அடங்கிவிடும். அதனால் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த புதிதில் கட்டளையோடு ஒரு சொல்லைச் சேர்த்து வைத்திருந்தேன். வீட்டில் இருந்தால் அதையே எடு, வெளியே போகாதே என்பது அதன் பொருள். அந்தச் சொல் எனக்குப் பழகிப்போய், இருப்பதே மறந்துவிட்டது. அதனால் என் லேப்டாப் மாதக்கணக்காகப் பழையதை வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பெங்களூர் சர்வர் அப்படியில்லை, தினமும் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வருகிற ஆள். அந்த வாரம் கடையில் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, அதுவும் எங்கள் புத்தகமும் ஒத்துப்போகவில்லை. இங்கிலீஷுக்கு அந்தச் சாமானே வேண்டியதில்லை, அதனால் அது தப்பித்துக்கொண்டது. பெங்களூரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தச் சொல் தேவையே பட்டிருக்காது. மாடிப்படியில் சிக்னல் பிடித்து வேலை பார்க்கிற ஆளுக்குத்தான் இப்படி ஒரு கோளாறு வரும்.

கடை லேப்டாப்பில் பழைய பதிப்பைப் போட்டு ஓட்டினேன். தமிழ்ப் புத்தகம் அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை முழுதாக வந்தது. உடனே எங்கள் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். இந்தச் சாமானில் இந்தப் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும், புதிதாக எது வந்தாலும் தொடக்கூடாது. ஒற்றை வணக்கத்தை எடுத்துவிட்டு, இந்த முழுப் புத்தகத்தையே சர்வருக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பச்சை.

குழுத் தலைவருக்குப் போன் செய்து, "சார், வணக்கம் ஓடுது" என்றேன். அவரும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். தமிழ் எழுத்தைக் குற்றம் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். நான்கு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கடைக்காரப் பெண் தூக்குப்பாத்திரத்தில் எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்திருந்தார். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். நான் சாப்பிட, அவர் லேப்டாப்பை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "அப்படி என்னதாங்க புத்தகம், பாக்கலாமா?" என்றார். நான் பெருமையாக எச்சரிக்கைப் பக்கத்தையே எடுத்துக் காட்டினேன். எதற்காக அத்தனை மாதம் உழைத்தேனோ அந்தப் பக்கம். சிவப்புக் கட்டம் போட்டு, நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"தானியங்கி மீள்தொடக்க நிலை செயற்பாட்டில் உள்ளபோது, மின் இணைப்பைத் துண்டிக்காமல் இயக்கப் பகுதிகளைக் கையாளுதல் தவிர்க்கப்பட வேண்டும்."

படித்து முடித்து, வரிக்கு அடியில் விரலை வைத்து முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். பிறகு கூச்சத்தோடு என்னிடம் திரும்பினார். "இதுல என்னங்க அக்கா சொல்லிருக்கு?"

சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "கரண்ட் போயிருக்குதுன்னு மோட்டார்ல கைய வெக்காதீங்க. கரண்ட் வந்தா மோட்டார் தானா ஓடிரும். மொதல்ல மெயின ஆஃப் பண்ணிருங்க. அதான்."

"ஓ, அவ்வளவுதானுங்களா" என்றார். கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டேன். அவர் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவர், நாள் முழுக்க அரசாங்க விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறவர். அவருக்கே புரியவில்லை. அண்ணனுக்கு வந்த பெட்டியில் இந்தப் புத்தகம் இருந்து, அவர் அதை எடுத்துப் படித்தும் இருந்தால், அன்றைக்கு அந்த இரண்டு விரல் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது. மூன்று நாளாக சர்வரோடு மல்லுக்கட்டிக் காப்பாற்றிய பக்கம் யாரையும் காப்பாற்றாது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது.

கையைக் கழுவிவிட்டு, குழுத் தலைவருக்குப் போன் செய்து, ஒரு மாற்றம் அனுப்புகிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார். "பச்சை ஆயிருச்சே மேடம், தயவுசெஞ்சு தொடாதீங்க. திரும்பச் சிவப்பு வந்தா நாலு மணிக்கு தமிழ் போகாது, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். புரியாத எச்சரிக்கையை இத்தனை பெட்டியில் போட்டு அனுப்புவதும் அனுப்பாமல் இருப்பதும் ஒன்றுதான் சார் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

முழுப் புத்தகத்தையும் திருத்த நேரமில்லை. எச்சரிக்கைப் பக்கங்களை மட்டும் எடுத்தேன். ஒவ்வொரு வரியையும் கடைக்காரப் பெண் படிப்பார், என்ன புரிந்தது என்று சொல்வார். புரியாவிட்டால் நான் வாயால் சொல்லிக் காட்டுவேன், வாயில் எப்படி வந்ததோ அப்படியே எழுதுவேன். மீள்தொடக்கம் போய் ஆட்டோ வந்தது. கையாளுதல் போய் கையை வைக்காதீர்கள் வந்தது. இடையில் ஒருவர் ஃபோட்டோ எடுக்க வந்தார், அவரைக் கடைக்காரப் பெண் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. அவர் எழுந்து போய் லைட்டையும் நிறுத்திவிட்டு, லேப்டாப் திரையின் வெளிச்சத்திலேயே மீதியைப் படித்தார்.

இந்த முறை அந்த வெற்று லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சர்வருக்கு அனுப்பினேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் வேறு யாருடைய வேலையோ ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதாகத் தெரியவில்லை. கடைக்காரப் பெண்ணின் உதடு அசைந்துகொண்டிருந்தது, துவா செய்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் முறை வந்தது. இங்கிலீஷ் முடிந்து, தமிழ் ஆரம்பித்து, நான்கு மணிக்குக் கொஞ்சம் இருக்கும்போது பச்சை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அச்சகத்துக்குப் போய்விட்டதாகச் செய்தியும் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன்.

அவர் லேப்டாப்பில் நான் போட்டதையெல்லாம் அழித்து, எடுத்தபோது இருந்தது போலவே திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. முதல் லாட் பெட்டி வந்ததும் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, இது நாம எழுதுனதுங்க என்று அன்றைக்குக் கடையில் இருந்த எல்லோரிடமும் காட்டினார்.

மீதி அத்தியாயங்களை அடுத்த லாட்டுக்குள் இதே போல மாற்றி எழுதினேன். இப்போது சர்வரில் பச்சை வந்ததும் நான் நாற்காலியில் சாய்வதில்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு மோட்டாரைப் பற்றி எதுவும் தெரியாத யாரிடமாவது போய் நிற்கிறேன். படித்துவிட்டு அவர்கள் என் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு நிமிடம்தான், எந்த பில்ட்டை விடவும் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிற நிமிடம்.